மைசூர் உயிரியல் பூங்கா: பொழுதுபோக்கா, பாடசாலையா, புகலிடமா?

மைசூரில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கடமை உண்டு. கோடை விடுமுறையிலோ தசராவிலோ ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால், அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், மிருகக்காட்சிசாலை என்று நான்கு இடங்களையும் சுற்றிக் காட்டியாக வேண்டும். பெரியவர்களுக்கு எது பிடித்தாலும், குழந்தைகளின் வாக்கு எப்போதும் மிருகக்காட்சிசாலைக்குத்தான்.

அப்படி ஒருமுறை ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் தங்கை மகனை அழைத்துச் சென்றிருந்தேன். புலியின் அடைப்புக்கு எதிரே வெகுநேரம் நின்றவன், "மாமா, இந்தப் புலி என்ன தப்பு பண்ணுச்சு? ஏன் ஜெயில்ல வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். அப்போது எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. "தப்பு ஒண்ணும் பண்ணலடா, நாம பார்க்கறதுக்காக வெச்சிருக்காங்க" என்று சொல்லி நடையைக் கட்டினேன். நான் சொன்னது பாதி உண்மைகூட இல்லை என்பதைப் பின்னர் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பெயர் மாறிய கதை

பழைய சென்னைவாசிகளிடம் கேட்டால் ஒரு வேடிக்கையைச் சொல்வார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சாதாரண மக்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலையோ 'உசிர் காலேஜ்'. அங்கே பதப்படுத்திய உடல்கள், இங்கே உயிருள்ளவை. சென்னை மிருகக்காட்சிசாலை 1855-ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கியது என்பதை நினைத்தால், இந்தப் பெயர்கள் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பூங்காவுக்கு மாறியது. 1985-ல் வண்டலூருக்குச் சென்று 'அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா' ஆனது.

மிருகக்காட்சிசாலை என்றால் மிருகங்களைக் காட்சிக்கு வைக்கும் இடம். உயிரியல் பூங்கா என்றால் உயிர்களைப் பற்றி அறியும் இடம். பெயர் மாறியது வெறும் மொழி மாற்றம் அன்று. அந்த இடம் எதற்காக இருக்கிறது என்ற எண்ணமே மாறியதன் அடையாளம் அது.

மகாராஜாவின் தோட்டம்

மைசூர் பூங்கா 1892-ஆம் ஆண்டில் மகாராஜா சாமராஜேந்திர உடையாரால் தொடங்கப்பட்டது. முதலில் சுமார் 11 ஏக்கர் மட்டுமே. அரண்மனைக்குச் சொந்தமான தோட்டத்தின் ஒரு பகுதியில் அமைந்ததால் 'அரண்மனை மிருகக்காட்சிசாலை' என்று வழங்கியது. அரச குடும்பத்தாரும் அவர்தம் விருந்தினரும் மட்டுமே கண்டு மகிழ்ந்தனர். பொதுமக்களுக்குக் கதவு திறந்தது 1902-ல்தான். மகாராஜா 1894-லேயே காலமாகிவிட்டார். 1909-ல் அவர் நினைவாக 'ஸ்ரீ சாமராஜேந்திர மிருகக்காட்சிசாலை' என்று பெயர் சூட்டப்பட்டது.

இங்குள்ள நிழலுக்கும் பசுமைக்கும் காரணமானவர்களுள் ஒருவர் ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல். பெங்களூர் லால்பாக்கில் நெடுங்காலம் பணியாற்றிய அதே கிரும்பிகல்தான். மிருகங்களுக்கு இரும்புக் கூண்டு மட்டும் போதாது, மரமும் மண்ணும் நீரும் வேண்டும் என்ற எண்ணம் மைசூரில் தொடக்கத்திலேயே வேரூன்றியது.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் பூங்கா மாநில அரசின் தோட்டத் துறையின் கைக்கு வந்தது. 1972-ல் வனத்துறைக்கு மாறியது. 1979-ல் இதை நிர்வகிக்கவென்றே கர்நாடக உயிரியல் பூங்கா ஆணையம் என்ற தன்னாட்சி அமைப்பு உருவாயிற்று. இன்று பூங்காவின் பரப்பு 157 ஏக்கர். அருகிலுள்ள காரஞ்சி ஏரியும் இதே நிர்வாகத்தின் கீழ் உள்ளது. அரசர், தோட்டத் துறை, வனத்துறை, தனி ஆணையம் என்று பொறுப்பு கைமாறிய வரிசையைப் பாருங்கள். அழகுக்காக வைத்திருந்த ஒன்று, மெல்ல மெல்லக் காட்டோடு உறவு கொண்ட ஒன்றாக மாறியது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் நாலு கூண்டு வைத்து மிருகங்களைக் காட்டிப் பணம் வாங்கலாம் என்ற நிலை இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-ல் திருத்தப்பட்டு, 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்த பிறகு இது மாறியது. இப்போது அந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பூங்காவும் இயங்க முடியாது. எவ்வளவு இடம், என்ன உணவு, எத்தனை மருத்துவர் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு.

1998-ல் வெளியான தேசிய உயிரியல் பூங்காக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புப் பணிக்குத் துணை நின்று வலுச்சேர்ப்பதே பூங்காக்களின் முதல் நோக்கம் என்று அது வகுத்தது. பொழுதுபோக்கு, கல்வி, பாதுகாப்பு என்று இருந்த வரிசை, பாதுகாப்பு, கல்வி, பொழுதுபோக்கு என்று தலைகீழாகிவிட்டது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பாதுகாப்பு: விதைநெல் போல

நம் உழவர்கள் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைத் தொடமாட்டார்கள். காட்டில் ஓர் இனம் அழிந்துகொண்டிருக்கும்போது அதன் சிலவற்றைப் பத்திரமாக வளர்த்து இனம் பெருக்குவதும் அத்தகைய வேலைதான்.

உலகில் இதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. அரேபியப் பாலைவனத்தின் ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மான் 1972-ல் காட்டிலிருந்து அடியோடு மறைந்தது. பூங்காக்களில் எஞ்சியிருந்தவற்றைப் பெருக்கி 1982-ல் ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் மீண்டும் விட்டார்கள். இன்று அவை பல நூறாகப் பெருகித் திரிகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியப் பிணந்தின்னிக் கழுகு 1987-ல் மொத்தமே 27 பறவைகள். காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து வந்து வளர்த்தார்கள். இப்போது அவை 500-க்கும் மேல்.

நம் நாட்டில் கரியால் என்னும் நீண்ட மூக்கு முதலைக்கு 1975-ல் தனித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் பெண் முதலைகள் இருந்தும் தகுந்த ஆண் இல்லை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பூங்காவிலிருந்து ஓர் ஆண் முதலையை வரவழைத்தார்கள். 1980-ல் குஞ்சுகள் பொரித்தன. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையும் முதலையினங்களைப் பெருக்குவதில் பெயர் பெற்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு இது. ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் உண்டு, கர்நாடகத்திலும் கேரளத்திலும் உண்டு. சோலைக்காடு துண்டு துண்டாகும்போது இதன் கூட்டங்களும் ஒன்றையொன்று காண முடியாமல் தனித்துப் போகின்றன. இதனை இனம் பெருக்கும் தேசியத் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியப் பொறுப்பு உண்டு. மைசூரிலும் இக்குரங்குகள் பராமரிக்கப்படுகின்றன.

இனப்பெருக்கம் என்றால் ஆணையும் பெண்ணையும் ஒரே அடைப்பில் விட்டுவிடுவது அன்று. எந்தக் குட்டிக்கு எந்தத் தாய், எந்தத் தந்தை என்று வம்சாவளிப் பதிவேடு வைக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவில் இணை சேர்த்தால் சந்ததி நலியும். அதனால்தான் பூங்காக்கள் ஒன்றோடொன்று விலங்குகளை மாற்றிக்கொள்கின்றன. நம் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது குலம், கோத்திரம், பங்காளி முறை எல்லாம் விசாரிப்பதில்லையா? அந்தக் கணக்கு இங்கேயும் உண்டு.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. கிர் காட்டின் ஆசியச் சிங்கமும், சர்க்கஸ்களில் இருந்த ஆப்பிரிக்கச் சிங்கமும் சில இடங்களில் கலந்துவிட்டன. பிறந்த குட்டிகள் பார்வைக்குக் கம்பீரமாக இருந்தாலும் இனப் பாதுகாப்புக்குப் பயன்படாதவை. அவற்றை மேலும் பெருக்காமல், இருக்கும்வரை காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. காட்சிக்காக மட்டுமே வளர்த்ததன் விலை அது.

மைசூரை அடுத்த கூர்கள்ளியில் இப்பூங்காவின் மற்றொரு மையம் இருக்கிறது. காட்டெருமையை இனம் பெருக்கும் பணி அங்கே நடக்கிறது. நாம் காட்டெருமை என்று சொன்னாலும் அது எருமை அன்று, மாட்டினம். காட்டுமாடு என்பதே சரி. சங்க நூல்களில் வரும் 'ஆமான்' இதுவே என்பர். ஆ என்றால் பசு. நம் முன்னோர் பெயரிடுவதில் தவறு செய்யவில்லை, நாம்தான் தவறிவிட்டோம்.

மசினகுடியிலிருந்து வந்த புலி

கூர்கள்ளிக்கு இன்னொரு முகமும் உண்டு. பொதுமக்கள் பார்வைக்கு இல்லாத புகலிடம் அது.

2021-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நீலகிரி மாவட்டம் கூடலூர், மசினகுடி பகுதிகளில் வாழ்ந்தவர்கள் மறக்க முடியாத நாட்கள் உண்டு. வனத்துறை 'டி-23' என்று குறித்திருந்த ஒரு புலி, நான்கு பேரையும் பல கால்நடைகளையும் கொன்றதாகக் கூறப்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குச் செல்ல அஞ்சினர். மாடு மேய்ப்பவர்கள் வீட்டில் முடங்கினர். இறந்தவர்களின் குடும்பத்தார் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. புலியைச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்ற குரல் ஒருபுறம். வயதாகிக் காயம்பட்ட அந்தப் புலியை உயிருடன் பிடிக்க வேண்டும் என்ற குரல் மறுபுறம். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. உடனே கொன்றுவிட வேண்டாம், பிடிக்க முயலுங்கள் என்றது நீதிமன்றம்.

கும்கி யானைகள், மோப்ப நாய், தானியங்கிக் கேமராக்கள் என்று மூன்று வாரத் தேடல். அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டுப் புலியைப் பிடித்தார்கள். எங்கே கொண்டு சென்றார்கள் தெரியுமா? நமது மைசூருக்குத்தான். கூர்கள்ளி மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை தொடங்கியது.

ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக நாம் பேருந்தில் வரும் அதே பாதைதான். வழியில் மாநில எல்லைப் பலகை நமக்குத் தெரிகிறது. புலிக்குத் தெரியாது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு எல்லாம் அதற்கு ஒரே காடு. அந்தக் காட்டின் ஓரத்தில் மனிதனும் விலங்கும் மோதும்போது, இருவரையும் காப்பாற்ற ஓர் இடம் தேவைப்படுகிறது. அப்படி ஓர் இடமும், அதற்குத் தேர்ந்த மருத்துவர்களும் பணியாளர்களும் இல்லையென்றால், துப்பாக்கி ஒன்றே முடிவாகியிருக்கும்.

2. கல்வி: பலகையைப் படிக்க நின்றால்

பூங்காவுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகின்றனர். இவர்களில் எத்தனை பேர் அடைப்பின் முன்னுள்ள பலகையைப் படிக்கிறார்கள்? நின்று பார்த்தால் தெரியும். புலி நடந்தால் கூட்டம், படுத்தால் "தூங்குதுப்பா, வா போகலாம்" என்று ஓட்டம். பாடம் அங்கே எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

மைசூர் பூங்கா மாணவர்களுக்காக இளைஞர் மன்றமும் கோடை முகாமும் நடத்துகிறது. விலங்குகளின் உணவு எப்படித் தயாராகிறது, பராமரிப்பாளர் வேலை என்ன என்பதை நேரில் கற்க இவை நல்ல வாய்ப்பு. நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் இவற்றில் சேரலாம்.

நமக்கென்று இன்னொரு பாடமும் இங்கே இருக்கிறது. பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு விலங்குகளின் ஆங்கிலப் பெயர் தெரியும், தமிழ்ப் பெயர் தெரியாது. பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றினால் இரு மொழிகளின் உறவையும் சொல்லிக்கொடுக்கலாம். கரடி இரண்டிலும் கரடியே. நம் யானை கன்னடத்தில் ஆனெ. மயில் நவிலு. முதலை மொசளெ. புலி ஹுலி. பால் 'ஹாலு' ஆவதும், பல் 'ஹல்லு' ஆவதும், புலி 'ஹுலி' ஆவதும் ஒரே விதிதான் என்று சொல்லிப் பாருங்கள். தமிழின் பகரம் அங்கே ஹகரமாகும் இரகசியம் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அடுத்த வீட்டுக் கன்னடம் அந்நியமாகத் தோன்றாது. ஓநாய் மட்டும் 'தோள' என்று தனி வழி போகும்.

3. பொழுதுபோக்கு: அதுவும் வேண்டியதே

பொழுதுபோக்கு என்றதும் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். இந்தப் பூங்காவின் வருமானத்தில் பெரும்பகுதி நுழைவுச் சீட்டிலிருந்தே வருகிறது. நாம் குடும்பத்தோடு போய்க் கழிக்கும் ஒரு நாள்தான் புலிக்கு இறைச்சியாகவும் யானைக்குத் தீவனமாகவும் மாறுகிறது.

இதன் அருமை பூங்கா மூடியபோது தெரிந்தது. 2017 ஜனவரியில் பறவைக் காய்ச்சலால் சுமார் ஒரு மாதம் மூடினார்கள். 2020-லும் 2021-லும் கொரோனாவால் மூட நேர்ந்தது. பார்வையாளர் இல்லை, வருமானமும் இல்லை. ஆனால் வயிறு விடுமுறை எடுப்பதில்லையே. அப்போது கைகொடுத்தது தத்துத் திட்டம். ஒரு விலங்கின் அல்லது பறவையின் ஓராண்டுச் செலவை யார் வேண்டுமானாலும் ஏற்கலாம். 2021-ல் கன்னடத் திரை நடிகர் ஒருவர் வேண்டுகோள் விடுத்ததும் பெருந்திரளானோர் முன்வந்தனர். யானையைத் தத்தெடுக்கப் பெரும் செல்வம் வேண்டும். சிறு பறவைக்குச் சிறு தொகை போதும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் நம் சங்கத்தின் பெயரிலும் ஒரு பறவை வாழும்.

பொழுதுபோக்குக்கும் எல்லை உண்டு. கல்லெறிவது, கத்துவது, கேலி செய்வது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் வனவிலங்குச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். அன்பால் கொடுக்கும் முறுக்கும் மானுக்கு நஞ்சாகலாம்.

மறுபக்கமும் பார்ப்போம்

உயிரியல் பூங்காக்களே வேண்டாம் என்போரும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அயர்லாந்தின் டப்ளினிலிருந்து 1995-ல் மைசூருக்கு வந்த போலோ என்னும் கொரில்லாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். கொரில்லா குடும்பமாக வாழும் உயிர். போலோ துணையின்றி நெடுங்காலம் வாழ்ந்து 2014-ல் இறந்தது. அதற்கு உணவும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைத்தன. உறவு கிடைக்கவில்லை. 2021-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டும் ஆண் கொரில்லாக்களே. இனம் பெருகாது என்றாலும் ஒன்றுக்கொன்று துணை உண்டு. 2004-லும் 2005-லும் இப்பூங்காவில் யானைகள் சில அடுத்தடுத்து இறந்ததும், நஞ்சு என்ற ஐயம் எழுந்ததும் நாளேடுகளில் வந்தவையே. காவலில் வைத்திருக்கும் உயிருக்கு நூறு விழுக்காடு பொறுப்பும் வைத்திருப்பவருடையது என்பதை அந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

இன்னொரு கேள்வியும் எழும். அப்படியானால் எல்லாவற்றையும் காட்டில் விட்டுவிடலாமே? முடியாது. பூங்காவில் பிறந்த புலிக்குத் தாய் வேட்டை கற்றுத் தரவில்லை. மனிதரைக் கண்டு அஞ்சவும் தெரியாது. காட்டில் ஒவ்வொரு நல்ல இடத்திலும் ஏற்கெனவே ஒரு புலி எல்லை வகுத்திருக்கும். புதியதை விட்டால் பட்டினி, சண்டை, அல்லது ஊருக்குள் நுழைவு. ஓரிக்ஸ் மீண்டது அதற்குப் பாலைவனம் மிச்சமிருந்ததால்தான். விதைநெல் எவ்வளவு இருந்தாலும் வயல் இல்லையென்றால் என்ன பயன்? காட்டைக் காக்காமல் பூங்காவை மட்டும் நடத்துவது, வீட்டை இடியவிட்டுச் சாவியைப் பத்திரப்படுத்துவது போன்றது.

அடுத்த முறை போகும்போது

பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே சென்றால் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும். பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, துணிப்பையுடன் செல்லுங்கள். பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து இக்கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்:

1. இன்று பார்த்த விலங்குகளில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவை எவை? வெளிநாட்டிலிருந்து வந்தவை எவை?

2. ஒரே அடைப்பின் முன் பத்து நிமிடம் நின்று, அந்த விலங்கு செய்ததை எல்லாம் வரிசையாக எழுதுக.

3. ஐந்து விலங்குகளின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, ஒற்றுமை வேற்றுமை காண்க.

4. இந்த விலங்கைக் காட்டில் விட்டால் பிழைக்குமா? காரணம் கூறுக.

நான்காவது கேள்விதான் முக்கியமானது. என் தங்கை மகன் கேட்டதும் அதுதான். இப்போது கேட்டால் அவனுக்கு இப்படிச் சொல்வேன்: "புலி தப்பு பண்ணலடா. அதோட காட்டை நாம சின்னதாக்கிட்டோம். தப்பு நம்மளது. காடு சரியாகற வரைக்கும் இதைப் பத்திரமா பார்த்துக்கிறது நம்ம கடமை."

அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது மறுபடி அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். இம்முறை புலி தூங்கினாலும் நின்று பார்ப்போம்.